கையைத் தூக்கியும் சர்வ் போட்டுவிட்டார்: பாயின்ட் யாருக்கு?

கேள்வி. 6 பிப்ரவரி 2025, செந்தூல், கோலாலம்பூர்

நேற்று ராத்திரி பிக்கிள்பால் (சின்ன மட்டையால் வலைக்கு மேல் பந்தடிக்கும் ஆட்டம்) டபுள்ஸ். எதிரணி 4, நாங்கள் 7. சர்வ் வாங்க வேண்டியவன் நான். சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடந்ததைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தேன், உடனே கையை உயர்த்தினேன். அதற்குள் சர்வ் போடுபவர் ஸ்கோரை "ஃபோர், செவன்" வரைக்கும் சொல்லிவிட்டார். என் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே "டூ" என்று முடித்து அடித்தார். நான் பந்தைத் தொடவே இல்லை. பாயின்ட் தனக்குத்தான் என்கிறார். கை தூக்கினால் நிறுத்த வேண்டாமா? விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 பிப்ரவரி, இரவு

பாயின்ட் அவருக்குத்தான் தம்பி.

தயாராக இல்லை என்று காட்ட அமெரிக்காவின் யூஎஸ்ஏ பிக்கிள்பால் அமைப்பின் விதிநூலில் மூன்றே வழிதான். பேடலை (மட்டையை) தலைக்கு மேல் தூக்கலாம். பேடல் இல்லாத கையைத் தலைக்கு மேல் தூக்கலாம். இல்லையென்றால் வலைக்கு முழுசாக முதுகைக் காட்டி நிற்கலாம். இதில் எதைச் செய்தாலும் ஸ்கோர் சொல்லத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். முதல் எண் வாயிலிருந்து வந்த பிறகு காட்டும் சைகை எண்ணப்படாது. பக்கத்துக் கோர்ட்டுப் பந்து உருண்டு வந்து காலடியில் நின்றது போன்ற இடையூறு என்றால் வேறு கதை. அவிழ்ந்த கயிறு அந்தக் கணக்கில் வராது.

இரண்டு நொடி முன்னால் தூக்கியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. அப்போது அவர் அடித்திருந்தாலும் மறுபடி போட வேண்டியதுதான்.

7 பிப்ரவரி

மேலே எழுதியதற்கு மூன்று பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு மட்டும் பதில்.

வாயால் "வெயிட்", "இருங்க" என்று சொன்னால் போதாதா என்று ஒருவர் கேட்கிறார். விதிப்படி போதாது. அந்த மூன்று வழியில் வாய்ப்பேச்சு இல்லை. காரணம் எங்கள் மண்டபத்துக்கு ஒரு நாள் வந்தால் புரிந்துவிடும். நான்கு கோர்ட்டு ஒட்டி ஒட்டி இருக்கிறது. பதினாறு பேர் ஆடுகிறார்கள், இருபது பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், தகரக் கூரைக்கு மேல் மழை. யார் குரல் யாருக்குக் கேட்கும்? தூக்கிய கை தூரத்திலிருந்தே தெரியும்.

இன்னொருவர் பூப்பந்து (பேட்மிண்டன்) ஆடிப் பழகியவர் போல. "வாங்குபவர் தயாராகும் முன் சர்வ் போடக் கூடாது" என்கிறார். பூப்பந்தில் அது சரி. திருப்பி அடிக்க முயன்றால் தயாராக இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. டென்னிஸ் விதியும் ஏறக்குறைய அப்படித்தான், சர்வ் போடுபவரின் நியாயமான வேகத்துக்கு வாங்குபவர் ஈடுகொடுக்க வேண்டும் என்று கூடுதலாக ஒன்று சேர்த்துச் சொல்வார்கள். அந்த இரண்டு ஆட்டத்திலும் பெரிய போட்டி என்றால் ஸ்கோர் சொல்ல ஒருவர் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நம் மண்டபங்களில் பிக்கிள்பாலுக்கு நடுவர் கிடையாது. சர்வ் போடுபவரே ஸ்கோரையும் சொல்கிறார். "ஆரம்பிக்கலாம்" என்ற அறிவிப்பும் அதுவேதான். அதனால்தான் கோடு அங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது.

9 பிப்ரவரி

10 நொடி விதியைப் பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஸ்கோர் சொல்லி முடித்த பிறகு சர்வ் போடுபவருக்கு 10 நொடி இருக்கிறது, அதற்குள் அடிக்க வேண்டும். வாங்குபவர் உட்கார்ந்து இளைப்பாறக் கொடுத்த நேரமில்லை அது.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். முந்தின நாளே ரதத்தோடு பினாங்குத் தண்ணீர்மலை வரைக்கும் நடந்தேன், பாதி வழி வெறுங்காலில். இன்று பாதம் தரையில் படவில்லை. ஆடப் போகவில்லை. பதில் எழுதாததற்குக் காரணம் அதுதான், வேறொன்றுமில்லை.

15 பிப்ரவரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். "பாயின்ட் அவருக்குத்தான் தம்பி" என்று அத்தனை வேகமாகச் சொன்னேனே, அந்தச் சொல் எனக்கே உறுத்துகிறது.

போன நவம்பரில் இங்கே பினாங்கில் கெலுகோர் பக்கம் ஒரு மண்டபத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் ஒரு பெரியவர் வருவார். எழுபதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அங்கிள். நான் ஆறு மாதமாக அவரோடு ஆடியிருக்கிறேன், அவரைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. நல்ல ஆட்டக்காரர், அவசரப்பட மாட்டார். கிச்சன் (வலையை ஒட்டிய பகுதி) ஓரத்தில் அவர் மெதுவாகத் தட்டிப் போடும் பந்தை எடுக்க நான் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும்.

அன்றைக்கு 10-9. நான் சர்வ். அங்கிள் எதிரே மூலையில் நிற்கிறார். முகத்தை இடது பக்கமாகத் திருப்பி, கோர்ட்டுக்கு வெளியே எதையோ பார்ப்பது போல நிற்கிறார். கை தூக்கவில்லை, பேடல் இடுப்பளவில் இருக்கிறது. எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "அங்கிள் கவனிக்கலை, இப்போ போட்டா முடிஞ்சுது" என்றுதான் தோன்றியது. "டென் நைன் ஒன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன், உடனே அடித்தேன். பந்து மூலையில் விழுந்து சுவரில் பட்டது. அவர் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். 11-9.

என் ஜோடி கத்திக் கொண்டாடினாள். அங்கிள் வலைக்கு வந்தார், பேடலை என் பேடலோடு தட்டினார், "பரவாயில்லமா, நல்ல சர்வ்" என்றார். தண்ணீர் குடித்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழக்கமாக ஒன்பதரை வரைக்கும் இருப்பவர், அன்று எட்டரைக்கே போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

டிசம்பரில்தான் அவரோடு வரும் அண்ணன் ஒருவர் சொன்னார். அங்கிளுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. இளமையில் பெரிய இயந்திரங்களுக்கு நடுவில் வேலை பார்த்தவர். ஸ்கோர் காதில் விழ வேண்டும் என்றால் வலது காதை முன்னால் கொடுக்க வேண்டும். முகம் இடது பக்கம் திரும்பியிருந்தது அதனால்தான். அவர் வேறெங்கும் பார்க்கவில்லை. நான் ஸ்கோர் சொல்வதைக் கேட்கக் காத்திருந்தார். எனக்காகக் காத்திருந்த மனிதரின் மேல் நான் பாயின்ட் எடுத்திருக்கிறேன்.

விதிப்புத்தகத்தைப் பிரித்து என் மேல் ஒருவரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. கை தூக்கவில்லை, பேடல் தூக்கவில்லை, முதுகு காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் விதியே தப்பு என்கிறீர்களா அக்கா?" என்று ஒருவர் கேட்கிறார்.

இல்லை. நான்தான் விதியில் பாதியைப் படித்திருந்தேன். நேற்று ராத்திரி அந்தப் பகுதியை முதலிலிருந்து மறுபடி படித்தேன். சைகைகளைச் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு வரி இருக்கிறது. எல்லா ஆட்டக்காரர்களும் தயாராக இருக்கும்போது, அல்லது தயாராகியிருக்க வேண்டிய நிலையில்தான், ஸ்கோர் சொல்ல வேண்டும் என்கிறது. அதாவது வாயைத் திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய கடமை சர்வ் போடுபவருக்கு. பார்த்துவிட்டுத்தான் ஸ்கோர். ஸ்கோர் தொடங்கிய பிறகு சைகை செல்லாது என்ற அடுத்த வரி, இந்த முதல் வரியை மதித்தவருக்குத்தான் பொருந்தும். நான் முதல் வரியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

அதனால் செந்தூல் தம்பிக்கு என் 6ஆம் தேதிப் பதிலைத் திருத்துகிறேன். அவர் ஸ்கோர் ஆரம்பிப்பதற்கு முன் உங்களைப் பார்த்தாரா? அப்போது நீங்கள் நிமிர்ந்து நின்றீர்களா, குனிந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? நிமிர்ந்து நின்று, அவர் தொடங்கியபின் கயிறு கண்ணில் பட்டது என்றால் பாயின்ட் அவருக்கு. நீங்கள் குனிந்திருக்கும்போதே அவர் "ஃபோர்" என்று தொடங்கியிருந்தால் அந்த ஸ்கோரையே அவர் சொல்லியிருக்கக் கூடாது. அப்படியென்றால் மறுபடி ஆடியிருக்க வேண்டும்.

"தயாராகியிருக்க வேண்டிய நிலை" என்ற சொல்லைக் கவனியுங்கள். வேண்டுமென்றே பந்தை உருட்டிக்கொண்டு, சட்டையை இழுத்துக்கொண்டு நேரம் கடத்துபவருக்கு அது இடம் கொடுக்காது. அவர் எப்போதோ தயாராகியிருக்க வேண்டும், ஸ்கோர் சொல்லிவிடலாம். ஆனால் காது கொடுத்துக் காத்திருப்பவர் நேரம் கடத்துபவர் ஆகமாட்டார்.

22 பிப்ரவரி

ஸ்கோரைச் சொல்லும் முறையைப் பற்றி. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன்.

முழு ஸ்கோரும் சொல்லி முடித்த பிறகுதான் சர்வ். கடைசி எண்ணைச் சொல்லும்போதே கை பின்னால் போய் முன்னால் வந்துகொண்டிருந்தால் அது தப்பு. எங்கள் மண்டபத்தில் பாதிப் பேர் இப்படித்தான் அடிக்கிறார்கள். "ஃபைவ் த்ரீ டூ" என்பதில் "டூ" வரும்போது பந்து வலையைத் தாண்டியிருக்கும். ஒரு மூச்சு விடுங்கள். 10 நொடி இருக்கிறது, ஒரு நொடியை எதிராளிக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்று எண்ணில் முதலாவது சர்வ் போடும் அணியுடையது, இரண்டாவது வாங்கும் அணியுடையது, மூன்றாவது நீங்கள் உங்கள் அணியின் முதல் சர்வரா இரண்டாவதா என்பது. ஆட்டம் தொடங்கும்போது மட்டும் 0-0-2. புதிதாக வருபவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். எங்கள் மண்டபத்துச் சீன அங்கிள் ஒருவர் எப்போதும் "கோசோங் கோசோங் டுவா" (சைபர் சைபர் இரண்டு) என்று மலாயில்தான் தொடங்குவார், பாட்டு மாதிரி இழுத்து. அவர் சொன்னால் நான்கு கோர்ட்டுக்கும் கேட்கும். தமிழ், மலாய், ஆங்கிலம் எதுவாக இருந்தாலும் சத்தமாக, தனித்தனியாக வந்தால் போதும்.

தப்பான ஸ்கோர் சொல்லிவிட்டால்? யார் வேண்டுமானாலும் நிறுத்தித் திருத்தலாம், ஆனால் சர்வைத் திருப்பி அடிப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும். திருப்பி அடித்த பிறகு ஆட்டத்தை நிறுத்தினால் நிறுத்தியவருக்கே ஃபால்ட், அதாவது தவறு. எங்கள் அக்கா ஒருவர் நல்ல மனசோடு "ஸ்கோர் தப்பு, ஸ்கோர் தப்பு" என்று நடு ஆட்டத்தில் பந்தைக் கையால் பிடித்துவிட்டார். தப்பான ஸ்கோர் சொன்னது எதிரணி, ஃபால்ட் விழுந்தது அக்காவுக்கு. அன்று முழுக்க அவருக்கு மனசு ஆறவில்லை. நான் இரண்டு தடவை விளக்கினேன், ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தும் ஆறவில்லை.

1 மார்ச்

மேலே ஒருவர் அனுப்பியிருக்கும் படத்தைப் பற்றி ஒரு சொல். அது பூப்பந்துக் கோர்ட்டு. மஞ்சள் டேப் ஒட்டியிருப்பதுதான் பிக்கிள்பால் கோடு. வெளி அளவு இரண்டுக்கும் ஒன்று, 44 அடி நீளம், 20 அடி அகலம். 1965ல் அமெரிக்காவின் பெய்ன்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பூப்பந்துக் கோர்ட்டில்தான். நம் ஊர் மண்டபங்களில் அது இத்தனை சுலபமாக உட்கார்ந்துகொண்டதும் அதனால்தான்.

உள்ளே இருக்கும் கோடு மட்டும் மாறும். பூப்பந்தின் குட்டை சர்வ் கோடு வலையிலிருந்து 1.98 மீட்டர். கிச்சன் கோடு 7 அடி, அதாவது 2.13 மீட்டர். நடுவில் 15 சென்டிமீட்டர். சர்வ் அந்த இடைவெளியில் விழுந்தால் பூப்பந்து ஆடிப் பழகிய கண் "உள்ளே" என்று சொல்லும், ஆனால் அது ஃபால்ட். கிச்சன் கோட்டின் மேலேயே விழுந்தாலும் ஃபால்ட். மற்ற கோடுகளில் விழுந்தால் நல்ல சர்வ். வலையில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் 2021 முதல் ஆட்டம் தொடரும், மறுபடி போடுவதில்லை. இந்த ஒன்றை மட்டும் பழைய ஆட்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்.

8 மார்ச்

பேச்சு எங்கேயோ போய்விட்டது, பரவாயில்லை, இது எனக்குப் பிடித்த இடம்.

பந்தை விரலால் சுழற்றிவிட்டு சர்வ் போடுவதை ஏன் தடுத்தார்கள் என்று ஒரு தம்பி கேட்கிறார். பேடலில் உரசிச் சுழற்றி அடிக்கும் "செயின்சா" சர்வை 2022ல் தடுத்தார்கள். ஒரு கையால் மட்டும் சுழற்றலாம் என்று ஒரு வருடம் விட்டுவைத்தார்கள். 2023ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

மலேசியர்களுக்கு இது புதுக் கதை இல்லை. 1982ல் ரசிப், ஜலானி சிடேக் சகோதரர்கள் ஆல் இங்கிலாந்து பூப்பந்து இரட்டையர் பட்டம் வென்ற காலத்தில் அவர்களுடைய "எஸ்" சர்வ் உலகத்தையே திணறடித்தது. இறகு முனையில் தட்டினால் பந்து எந்தப் பக்கம் ஆடும் என்று எதிராளிக்குத் தெரியாது. அப்புறம் அதைத் தடை செய்தார்கள். சர்வில் ராக்கெட் முதலில் பந்தின் அடிப்பகுதியைத்தான் தொட வேண்டும் என்ற விதி பூப்பந்தில் இன்றும் இருக்கிறது. என் அப்பா அதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் குரல் உயரும். "நம்ம பசங்க ஜெயிச்சதால தடுத்தானுங்க" என்பார். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நம்பினேன்.

இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. எதிராளியால் பந்தைப் படிக்கவே முடியாத சர்வ் வந்துவிட்டால் ஆட்டம் சர்வோடு முடிந்துபோகும். பிக்கிள்பாலில் சர்வைக் கீழிருந்து மேலாக, இடுப்புக்குக் கீழே அடிக்கச் சொல்வதும், பந்தைக் கையிலிருந்து விடுவது எதிராளி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் அதற்காகத்தான். சர்வ் இங்கே ஆட்டத்தைத் தொடங்கிவைக்க. இரண்டு பக்கமும் ஒரு தடவை பந்து தரையில் படாமல் யாரும் அந்தரத்தில் அடிக்க முடியாதே, அந்த விதியும் அதைத்தானே சொல்கிறது? அப்பாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.

11 மார்ச்

பந்தைக் கீழே போட்டு, எழும்பிய பிறகு அடிக்கும் ட்ராப் சர்வைப் பெரியவர்களோடு ஆடும்போது முயன்று பாருங்கள். பந்தை மேலே எறியவோ கீழே தள்ளவோ கூடாது, சும்மா விட வேண்டும். அது தரையில் படும் "டொக்" சத்தமும் எழும்பும் நேரமும் வாங்குபவருக்கு ஓர் அறிவிப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

21 மார்ச்

நோன்பு மாதம். மலாய் நண்பர்கள் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வருவதால் ஆட்டம் பத்தரைக்குத்தான் சூடு பிடிக்கிறது. அந்த நேரத்தில் எல்லாருக்குமே அசதி. யாராவது ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டோ வியர்வை துடைத்துக்கொண்டோ இருப்பார். இந்த மாதம் முழுக்க ஸ்கோர் சொல்வதற்கு முன் இரண்டு பேரையும் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன், எதிரே நிற்பவரை மட்டும் பார்த்தால் போதாது, அவர் ஜோடியையும். முதல் வாரம் என் தாளம் கெட்டுப்போனது. இரண்டு சர்வ் வலையில் போனது. இப்போது பழகிவிட்டது.

எழுத வந்தது வேறு. நேற்று அங்கிள் வந்தார்.

நான்தான் அந்த அண்ணனிடம் சொல்லியனுப்பியிருந்தேன். நேராகப் போய், "அங்கிள், அன்னைக்கு நீங்க ஸ்கோர் கேட்டுக்கிட்டு இருந்தீங்க, நான் பார்க்காம போட்டுட்டேன், என் தப்பு" என்றேன். அவர் வலது காதைக் கொடுத்துக் கேட்டார். "அதுக்கா வரலைன்னு நெனச்ச? முட்டி வலிமா" என்றார். கொஞ்ச நேரம் பேடலின் பிடியில் சுற்றியிருந்த பட்டையைச் சரி செய்துகொண்டிருந்தார். பிறகு, "ஆனா அந்தப் பாயின்ட் மனசுல இருந்துச்சு" என்றார்.

அவரே ஒரு வழியும் சொன்னார். சர்வ் வாங்கும்போது அவர் பேடலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் நிற்பார். நான் பந்தை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்ட வேண்டும். பார்த்ததும் அவர் பேடலை இறக்குவார். அப்புறம்தான் நான் ஸ்கோர் சொல்ல வேண்டும், இடது கை விரலிலும் காட்டி. விதியில் இருக்கும் அதே சைகைதான், அதையே அவர் தன் வழக்கமாக்கிக்கொண்டார்.

நேற்று நான்கு ஆட்டம் இப்படி ஆடினோம். மூன்றில் அவர் ஜெயித்தார்.

23 மார்ச்

ஒவ்வொரு சர்வுக்கும் பேடலைத் தூக்கி நின்றால் ஆட்டம் இழுக்காதா என்று கேட்டவருக்கு: நேற்று எண்ணிப் பார்த்தேன். பந்தைக் காட்டுவதற்கும் பேடல் இறங்குவதற்கும் நடுவில் இரண்டு நொடி, சில சமயம் மூன்று. பந்து பொறுக்கப் போகும் நேரம் அதைவிட அதிகம்.

செந்தூல் தம்பி, நீங்கள் நேற்று எழுதியதைப் பார்த்தேன். அவர் தொடங்கும்போது நீங்கள் குனிந்திருந்தீர்களா நிமிர்ந்திருந்தீர்களா என்று உங்களுக்கே நினைவில்லை என்கிறீர்கள். அவரிடமே கேளுங்கள். அவர் பார்த்திருந்தால் அவருக்கு நினைவிருக்கும். எனக்கு அங்கிள் நின்ற விதம் நான்கு மாதம் கழித்தும் அப்படியே நினைவிருக்கிறது.

பெருநாள் விடுமுறைக்குப் பினாங்கு வருவதாகச் சொன்னீர்கள். மண்டபம் திறந்துதான் இருக்கும், இரவு எட்டு மணிக்கு மேல் வாருங்கள். அங்கிளும் வருகிறார். அவர் எதிரே நின்றால் பந்தைத் தூக்கிக் காட்டிவிட்டு சர்வ் போடுங்கள்.